காட்டு வழியும் கைப்பொருளும்

விடுமுறைக் காலங்களில் நகரை நீங்கிக் காட்டுப் பகுதிகளுக்குச் சென்று, பாசறையமைத்துச் சில நாள் தங்கி வரும் விருப்பம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவ்வாறு செல்லக் கருதுவோர் முதலிற் செய்வது யாதெனின், புறக்கோட்டைக் கடைத்தெருவை நாடிக் கூடாரமும் தூக்குப் படுக்கையும் பத்து வாயுள்ள கத்தியும் விலை கேட்பதேயாம். ‘காட்டுக்கு எதைக் கொண்டு செல்வது?’ என்ற வினாவை எழுப்புமுன், ‘காட்டில் எவ்வழியாகச் செல்வது?’ என்ற வினாவை எழுப்புதல் வேண்டும். பின்னைய வினாவுக்கு விடை கிடைத்தபின், முன்னையதற்கு விடை தானே கிடைக்கும். இதனை இந்நாட்டில் உண்மையாக நிகழ்ந்த ஒரு காட்டுப் பயணத்தைக் கொண்டு விளக்க முயல்வாம்.

காட்டில் உறைதற்கு வேண்டிய அறிவையும் தொழிற்றிறனையும் ஒரு பாடமாகத் தொகுத்துக் கற்பிக்கும் முறை, சாரணர் இயக்கத்தோடு எம் பாடசாலைகளிற் புகுந்தது. பேடன் பவல் 1907 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவிற் சிறுவரைக் கூட்டிப் பாசறை நடத்தினார். அடுத்த ஆண்டிற் சிறுவர்க்கான தமது நூலை வெளியிட்டார். இலங்கையில் 1912 இல், மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில், பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் அவ்வியக்கத்தைத் தொடக்கினார். அதன் பயன் பெரிது. அதனை யாரும் மறுக்கார். ஆனால் அக்கலை பற்றி மேனாட்டார் எழுதிய நூல்கள் குளிர் நாட்டுக்கென எழுதப்பட்டவை. அங்கே காட்டிற் செல்வோனுக்குப் பெரும் பகை குளிர். ஆதலின் கம்பளமும் தடித்த உடையும் கூடாரமுமே அந்நூல்களில் முதலிடம் பெறுகின்றன. எமது வறண்ட வலயக் காட்டிலோ பெரும் பகை தாகம். பகை வேறாயின் படைக்கலமும் வேறாதல் வேண்டுமன்றோ?

இனி, நாம் எடுத்துக்கொண்ட பயணத்தைக் காண்போம். றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 19. கண்டி நாட்டுக் கிராமங்களில், சிறைக்கூடத்தில் அடைக்கப்படாமலும் நாட்டை விட்டு நீங்க விடப்படாமலும், அவர் 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1679 இல், ஸ்டீபன் றட்லண்ட் என்ற மற்றோர் ஆங்கிலேயருடன் தப்பிச் சென்றார். செப்டெம்பர் 22 ஆம் நாள் தம் ஊராகிய எலதெத்தவிலிருந்து புறப்பட்டு, வணிகர்போல் நடந்து அனுராதபுரத்தை அடைந்து, ஒக்டோபர் 12 ஆம் நாள் அங்கிருந்து மறைந்து, மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டிடையே சென்று, ஒக்டோபர் 18 ஆம் நாள் மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் பின்னர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அதிற் காட்டுப் பயணத்துக்குத் தாம் கொண்டு சென்ற பொருள்களை ஒவ்வொன்றாகக் குறித்திருக்கின்றார். அக்குறிப்பை நம் சாரணர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் படித்தல் நன்று.

அரிசி, உலர்த்திய இறைச்சி, வெல்லக்கட்டி, சமைப்பதற்கு ஒரு பாத்திரம், நீர் எடுக்க இரண்டு சுரைக்குடுவை, தங்குவதற்குப் பெரிய தாளிப்பனை ஓலை இரண்டு, வெற்றிலை, புகையிலை, தீ மூட்டும் சிமிழ் இரண்டு மூன்று, மிதியடி செய்து கொள்ள ஒரு மான்றோல். படைக்கலமோ, நீண்ட தடியின் நுனியிற் கட்டிய சிறு கோடரி ஆளுக்கொன்றும், இடையிற் செருகிய கத்தியொன்றும் மாத்திரமே. இவ்வளவுதான். இருவர் ஆறு நாள், வழியறியாத பெருங்காட்டில், பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையிற் செல்வதற்கு இவை போதுமாயிருந்தன.

இப்பட்டியலில் உற்று நோக்கத்தக்கவை மூன்று. முதலாவது, இதிற் கடல் கடந்து வந்த பொருள் எதுவுமில்லை. யாவும் இந்நாட்டுக் குடிகள் அன்றாடம் கையாண்டவை. இரண்டாவது, தீச்சிமிழ் ஒன்றை மட்டும் மிகையாகக் கொண்டமை. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று உதவும் என்பதே காரணம். பிற பொருள் கெட்டாற் காட்டிலேயே மாற்றுச் செய்து கொள்ளலாம். தீ கெட்டாற் செய்ய முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். மூன்றாவது, மான்றோல். முள் நிறைந்த காட்டிற் கால் புண்பட்டால் எல்லாம் முடிந்தது. கடவுளுக்கு அடுத்தபடியாகத் தம் கால்களையே நம்பியதாக நொக்ஸ் கருதினார். இன்று நம் மாணவர் விலையுயர்ந்த முதுகுப்பையை வாங்கிவிட்டுக் காலிற் பழகாத புதுச் சப்பாத்துடன் புறப்பட்டு, முதல் நாள் மாலையிலேயே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுதலைக் கண்டிருக்கின்றேன்.

தாளிப்பனை ஓலையைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். குடைப்பனை எனவும் வழங்கும் அம்மரம், வாழ்நாளில் ஒரு முறையே பூத்துக் காய்த்துப் பின்னர் மடிவது. அதன் ஓலை மிகப் பெரியது. ஓரோலையின் கீழ்ப் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்கின்றார் நொக்ஸ். விசிறிபோல் மடித்தாற் கைத்தடியளவாகச் சுருங்கும். பாரமும் மிகக் குறைவு. கண்டியரசனுடைய போர்வீரர் அதன் துண்டங்களைக் கூடாரமாகக் கொண்டு திரிந்தனர். நடக்கும்போது கூரிய முனை முன்னே நிற்குமாறு தலைமேல் வைத்துக்கொண்டால் பற்றைகளை விலக்கி வழிவிடும்; வெயிலுக்குக் குடையாம்; மழைக்கு மனையாம். ஒரு பொருள் பல பணி செய்தல் வேண்டும் என்பது காட்டுப் பயணத்தின் முதல் விதி. அவ்விதிக்கு இவ்வோலையினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

இக்காலத்தில் அவ்வோலையின் இடத்தைப் பெற்றிருப்பது தறப்பாள். தறப்பாள் என்னும் சொல் நம்மவர் பலருக்கு விடுமுறைக் காலச் சொல்லன்று. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியோரும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடம்விட்டு இடம் பெயர்ந்தோரும் அதன் கீழேயே வாழ்ந்தனர். இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, அதன்மேல் தறப்பாளை இட்டு, காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தி, மழைநீர் உள்ளே ஓடாதவாறு புறத்தே சிறு வாய்க்கால் வெட்டும் முறையை எந்தப் பாடநூலுமின்றி அவர்கள் கற்றனர். நம் வகுப்பறைகளில் இருக்கும் சில மாணவரின் தாய்மார்க்கு, எந்தப் பாசறை ஆசிரியரினும் இத்தொழில் நன்கு தெரியும். கேட்டறிய மனமுண்டாயின் கேட்டறியலாம். ஆனால் கேட்கும்போது மெல்லக் கேட்டல் வேண்டும்.

நொக்ஸின் பயணத்துக்கு மீள்வோம். அவர் ஏன் அவ்வளவு காலம் காத்திருந்தார்? காவல் ஒரு காரணம். மற்றொரு காரணம் நீர். வடக்கு நோக்கித் தப்பும் எண்ணம் அவருக்குப் பல்லாண்டு முன்னரே தோன்றிவிட்டது. பொருள் விற்பவர்போல் அத்திசையிற் பலமுறை சென்று வழியும் அறிந்து வந்தார். ஆனால் மூன்று நான்கு ஆண்டுகள் மழை பொய்த்தது; ஊர்க் கிணறுகளிலேயே குடிக்க நீர் கிடைத்தல் அரிதாயிற்று; காட்டுட் புகுந்தாற் தாகத்தால் மடிய நேரும் என அஞ்சித் திரும்பினார். கத்தியும் கோடரியும் அரிசியும் அப்பொழுதும் கிடைத்திருக்கும். நீரில்லாமையாலேயே பயணம் நின்றது. பின்னர்ச் சென்றபோதும் நேர்வழியை நாடாது ஓர் ஆற்றையே வழியாகக் கொண்டார். மன்னார்ப் பகுதியில் அருவியாறு எனப் பெயர் பெறும் அந்த மல்வத்து ஓயாவே அவருக்கு நீரும் வழியும் திசையுமாயிற்று. ஆற்றோடு சென்றால் என்றோ ஒரு நாள் கடலை அடையலாமன்றோ?

களனி கங்கை கடலொடு கலக்கும் மட்டக்குளியில் வாழும் எம்போன்றோர்க்கு நீரின் அருமை எளிதில் விளங்காது. மாரியில் அது வீட்டுக்குள் வராதிருந்தாற் போதும் என்பதே எம் வேண்டுதல். ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெயிலிற் சுமையோடு நடக்கும் ஒருவனுக்கு நாளொன்றுக்கு நாலைந்து லீற்றர் நீராவது வேண்டும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். மூன்று நாளுக்குரிய நீரைச் சுமக்க வேண்டுமாயின், அதுவே பதினைந்து கிலோகிராம் ஆகும். அரிசியையும் படுக்கையையும் பின்னர் எங்கே வைப்பது? ஆகவே நீரைச் சுமந்து காட்டைக் கடத்தல் இயலாது. ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்வதே இயலும். வழி என்பது இதுவே.

இதனை நன்கறிந்து வழியமைத்தவர் நம் முன்னோர். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கீழைக்கரை வழியே கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரையை யாவரும் அறிவர். உகந்தை முருகன் கோயில் வரை ஊர்களைத் தொட்டுச் செல்லும் அவ்வழி, அதன்பின் காட்டுட் புகுகின்றது. குமுக்கனாறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்றிவ்வாறு அடியார் தங்கும் இடங்கள் நீரையும் நிழலையும் ஒட்டியே அமைந்தவை. ஆடிவேல் விழாக் காலம் அப்பகுதியிற் கடுங்கோடை. ஆறு வற்றி மணலாகக் கிடக்கும்போது, அடியார்கள் ஆற்றுமணலிற் குழி தோண்டி ஊற்றுநீர் கொள்வர். ஆற்றின் வெளிவளைவில், கரை செங்குத்தாக நிற்கும் பக்கத்தில், மணல் ஈரமாகத் தோன்றும் தாழ்ந்த இடத்திலே தோண்டுதல் வேண்டும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டுக் காத்திருந்தால், மணலே வடிகட்டித் தெளிந்த நீரைத் தரும். மருதமரம் கரையோரத்தே ஓங்கி நிற்பது, நிலத்தடியில் நீருண்டு என்பதற்கு நல்ல அறிகுறி. யானையும் வறட்சிக் காலத்தில் ஆற்றுமணலை அகழ்ந்து நீர் காணும். அது தோண்டிய ஊற்றைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே பாய் விரித்தல் கூடாது. தோண்டியவர் இரவிற் குடிக்க வருவார்.

கலங்கிய நீர் மாத்திரம் கிடைக்குமாயின், தேத்தாங்கொட்டை உதவும். பாத்திரத்தின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்து, அதில் நீரை வார்த்து வைத்தால், மண் அடியிற் படிந்து நீர் தெளியும். இது சங்ககாலத்தார் அறிந்த முறை. கலங்கிய நெஞ்சம் தெளிதற்கு இதனைக் கலித்தொகைப் புலவர் உவமையாக்கியிருக்கின்றார். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தெளிந்த நீர் வேறு; தூய நீர் வேறு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தெளிந்த நீரிலும் இருக்கும். தெளிவித்தபின் நன்றாகக் கொதிக்க வைத்து, ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டே குடித்தல் வேண்டும். தீச்சிமிழ் இரண்டு மூன்றாக இருத்தல் ஏன் என்பது இங்கே மேலும் விளங்கும்.

தீ மூட்டுவதற்கு நம் நாட்டிற் கிடைக்கும் பொருள்கள் ஏராளம். தென்னம் பொச்சின் தும்பு, பன்னாடை, காவோலை ஆகியன எளிதிற் பற்றுவன. பன்னாடையைக் கசக்கி உள்ளே வைத்து, அதன்மேல் ஈர்க்களவு சுள்ளி, பின்னர் விரலளவு விறகு, பின்னர் மணிக்கட்டளவு விறகு எனப் படிப்படியாக அடுக்குதல் வேண்டும். மழைக்காலத்தில் நிலத்திற் கிடக்கும் விறகை எடாமல், மரத்திலேயே பட்டு நிற்கும் கொம்பை முறித்துப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். நெருப்புப்பெட்டியை மூடியிறுக்கிய சிறு போத்தலில் இட்டு, ஒன்றைப் பையிலும் ஒன்றை உடையிலும் வைத்தல் நன்று. முட்டிக் காற்று வீசும் காக்கைதீவுக் கடற்கரையில், மூன்றே குச்சிகளாற் தீ மூட்டப் பழகிய மாணவன் எந்தக் காட்டிலும் பட்டினி கிடவான்.

திசையறிதல் பற்றி மேனாட்டு நூல்கள் கூறுவதை அப்படியே பின்பற்றுவது தீங்கு பயக்கும். இதனை நம் பாசறை ஆசிரியர்கள் போதிய அளவு வற்புறுத்துவதில்லை என்பது என் கருத்து. நண்பகலில் நாட்டிய கோலின் நிழல் வடக்கு நோக்கி விழும் என அந்நூல்கள் கூறும். ஐரோப்பாவில் அஃது என்றும் உண்மை. எமது தீவோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகையிலிருந்து 10 பாகை வரை கிடப்பது. ஏப்பிரில் முற்பகுதியிற் சூரியன் எம் உச்சிக்கு நேரே வந்து, பின் வடக்கே சென்று, ஓகஸ்ட் இறுதியை அடுத்து மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகின்றது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் இங்கே தெற்கு நோக்கி விழும். யூலை மாதத்திற் கதிர்காமக் காட்டில் ஆங்கில நூலை நம்பி வடக்கென்று நடப்பவன் தெற்கே போய்ச் சேர்வான். மாறாக, கோலின் நிழல் நுனியைக் காலையில் ஒரு முறை குறித்து, அரை மணி கழித்து மறுமுறை குறித்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் அக்கோடு ஏறத்தாழ மேற்குக் கிழக்காக அமையும். முதற் குறியே மேற்கு. இம்முறை எம் நாட்டுக்கும் பொருந்தும். இரவில் துருவ விண்மீனைத் தேடுதலும் வீண் முயற்சி போலும். அஃது இங்கே அடிவானத்துக்கு மேல் 6 முதல் 10 பாகை உயரத்திலேயே நிற்றலின், மரங்கள் அதனை மறைத்துவிடும். மிருகசீரிடத்தை அடுத்து ஒரே வரிசையில் ஒளிரும் மூன்று விண்மீன்களை அறிந்து வைத்தலே சிறந்தது. அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறைவன. ஆடி மாத விடியற்காலையிற் கீழ்வானிற் காணலாம். கைத்தொலைபேசி திசை காட்டுமே என்பார்க்குக் கூறுவது இதுவே: மின்கலம் தீர்ந்த தொலைபேசி நொக்ஸின் கத்திக்கு ஈடாகாது.

விலங்குகளைப் பற்றி மாணவர் அதிகம் அஞ்சுவது சிறுத்தைக்கு. காட்டை அறிந்தவர் அஞ்சுவதோ கரடிக்கு. கரடி பாலைப்பழத்தில் மிகுந்த விருப்பமுடையது. பாலை பழுக்கும் காலமும் பாதயாத்திரைக் காலமும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால், பழம் உதிர்ந்து கிடக்கும் பாலைமரத்தின் கீழ் மாலையிலும் விடியலிலும் தங்குதல் ஆகாது. எதிர்பாராது நெருங்கும் மனிதனையே கரடி பாய்ந்து தாக்கும். ஆதலாற் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் கூட்டமாகச் செல்வது நன்று. அடியார்கள் ‘அரோகரா’ என்று முழங்கிச் செல்வதிற் பத்தியோடு பாதுகாப்பும் உண்டு. யானைக்கு எதிர்நிற்றல் இயலாது, விலகி ஓடுதலே வழி என்பது நொக்ஸின் முடிவு. அதனை மாற்ற இன்றுவரை காரணம் எதுவும் தோன்றவில்லை.

உண்மையில் உறக்கத்திலேயே பேராபத்து உண்டு. கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து, தரையிற் படுத்திருப்போரைத் தீண்டும். வலி அதிகமின்மையாற் தீண்டியதே தெரியாமற் போதலும் உண்டு. நுளம்புவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் கீழே நன்கு செருகிவிட்டால் நுளம்பும் வாராது, பாம்பும் வாராது. சில நூறு கிராம் நிறையே உள்ள இவ்வலையை விட்டுவிட்டுக் கனத்த கூடாரத்தைச் சுமப்போரைக் கண்டால் வியப்பாயிருக்கின்றது. பாம்பு தீண்டினாற் கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தகா. உறுப்பை அசையாது தாங்க வைத்து, ஆளை நடக்கவிடாது சுமந்து, விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே செய்யத்தக்கது. அங்கே விடமுறிவு மருந்து உண்டு.

சுமப்பது எங்ஙனம்? இங்கேதான் சாரத்தின் பெருமை விளங்குகின்றது. இரண்டு உறுதியான கம்புகளை இரண்டு சாரங்களுக்குள்ளே நுழைத்தால் நோயாளியைத் தூக்கும் படுக்கை ஆயத்தமாயிற்று. அதே சாரம் பகலிற் சுமைத்துணி, வெயிலுக்குத் தலைப்பாகை, இரவிற் போர்வை, குளிக்கும்போது மறைப்பு, நீரை வடிகட்டும் துணியும் அதுவே. தாளிப்பனை ஓலைக்குக் கூறிய விதி இதற்கும் பொருந்தும்.

உணவைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. வடபகுதிப் பாட்டிமார் இதற்கு வேண்டிய அனைத்தையும் முன்னரே கண்டுபிடித்துவிட்டனர். புழுக்கொடியல், பனங்கட்டி, பயற்றம்மா, பொரிவிளாங்காய் முதலியன நாட்படக் கெடாதவை, நெருப்பின்றி உண்ணத்தக்கவை. ஒருவனுக்கு ஒரு நாளைக்கு அரிசி நானூறு கிராம் அளவிற் கொண்டால் தட்டுப்பாடு நேராது.

இறுதியாக, செல்லும் இடம் பற்றி. யால, வில்பத்து ஆகிய காடுகள் 1938 முதல் தேசியப் பூங்காக்களாக உள்ளன. அவற்றுள் நினைத்தவாறு நடந்து செல்லச் சட்டம் இடந்தராது. பாதயாத்திரைக் காலத்தில் உகந்தையில் வழி திறக்கப்படும் நாள்களை அறிந்து செல்வோர்க்கு மாத்திரமே அக்காட்டில் நடக்கும் வாய்ப்பு உண்டு. ஏனையோர் உரிய திணைக்களத்தின் அனுமதியோடு குறித்த தங்குமிடங்களிற் பாசறையமைக்கலாம். கோடையில் அக்காடு முழுவதும் சருகு. புறப்படுமுன் அடுப்பில் நீரூற்றி, சாம்பலைத் தடியாற் கிளறி, மீண்டும் நீரூற்றி, புறங்கையை அருகே பிடித்துப் பார்த்தல் வேண்டும். சூடு சிறிதேனும் தோன்றினால், குடுவையில் எஞ்சிய நீரையும் அதற்கே ஊற்றிவிட்டு, ஆற்றுக்குச் சென்று மீண்டும் நிரப்பிக் கொள்ளலாம்.